பரிசுவழிப் பயிற்சியும் நாய் விளையாட்டுப் போட்டிகளும்

மாபாரதத்தின் இறுதிப் பகுதியில் ஒரு காட்சி வருகின்றது. தேவியும் தம்பியரும் வழியில் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்துபட, தருமபுத்திரர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயொன்றோடு மட்டும் மேலே செல்கின்றார். நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் கூற, நம்பி வந்ததைக் கைவிடேன் என அவர் மறுக்கின்றார். நாய் வடிவில் வந்தது அறக்கடவுளே என்பது பின்னர்த் தெரியவருகின்றது. நம் ஊர்களிலும் வைரவர் கோயில் இல்லாத குறிச்சி அரிது. வைரவருக்கு ஊர்தி நாயே. இவ்வாறு புராணத்திலும் வழிபாட்டிலும் நாய்க்கு இடமளித்த நாம், தெருவில் அதனைக் கண்டவுடன் கல்லைத் தேடுவதும் மறுக்கவியலாத உண்மையாகும்.

நாய்க்கு எதையேனும் கற்பிக்க வேண்டுமாயின் கோல் இன்றியமையாதது என்னும் எண்ணம் நம்மிடையே மட்டுமன்றி மேலைநாட்டாரிடையும் நெடுங்காலம் நிலவியது. அவ்வெண்ணம் எவ்வாறு மாறியது, அதனை மாற்றிய அறிவு யாது, அவ்வறிவு நடைமுறையில் எவ்வாறு கையாளப்படுகின்றது என்பனவற்றை, நாய் விளையாட்டுப் போட்டிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். நாம் பல ஆண்டுகளாக இங்கிலாந்தில் வாழ்ந்து, ஓய்வு நேரங்களில் இப்போட்டிகளுக்கு நாயொன்றைப் பழக்கி வருபவராதலின், நூலறிவோடு கையனுபவத்தையும் கலந்தே எழுதுகின்றோம். இது நாய் வளர்ப்போர்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. கற்பித்தல் என்பது யாது என்னும் வினாவே இதன் உட்கிடை.

போட்டிகளின் தோற்றமும் இயல்பும்

ஆட்டு மந்தைகளை மேய்ப்பதற்கு நாய்களைப் பழக்கும் வழக்கம் பிரித்தானியாவில் மிகப் பழையது. அத்திறனை அளந்தறியும் பொருட்டு 1873ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் ஒரு போட்டி நடைபெற்றது. பிரித்தானியாவின் முதலாவது மேய்ப்பு நாய்ப் போட்டியாக அதனையே கூறுவர். அறுபது ஆண்டுகள் கழித்து, 1933இல், அமெரிக்காவில் நியூ யோர்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோ என்னும் ஊரில், பூடில் இன நாய்களை வளர்த்த எலன் வைற்ஹவுஸ் வோக்கர் என்னும் அம்மையார் கீழ்ப்படிவுப் போட்டி ஒன்றினை நடத்தினார். தம் நாய்கள் அழகுக்கு மட்டும் உரியன அல்ல, அறிவிலும் குறைந்தன அல்ல என நிறுவுவதே அவர் நோக்கம். 1936இல் அமெரிக்க நாய்வளர்ப்புக் கழகம் அத்தகைய போட்டிகளுக்கு விதிகளை ஏற்றுக்கொண்டது.

இன்று மிகப் பெருந்தொகையினரைக் கவரும் போட்டி அஜிலிற்றி எனப்படுவது; விரைவும் வளைந்து கொடுக்கும் திறனும் என அதனைப் பொருள்கொள்ளலாம். 1978இல் இலண்டனில் நடந்த கிறவ்ற்ஸ் நாய்க் காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை நிரப்புதற்காக, யோன் வாலி, பீற்றர் மீன்வெல் ஆகிய இருவர் முயற்சியால் இது முதன்முதற் காட்டப்பெற்றது. குதிரைகள் தடைதாண்டும் போட்டியே இதற்கு முன்மாதிரி. 1980இல் பிரித்தானிய நாய்வளர்ப்புக் கழகம் இதனை முறையான போட்டியாக ஏற்றது. 1996இல் இதற்கான உலகப் போட்டி சுவிற்சலாந்தில் முதன்முறை நடைபெற்றது.

களத்தில் இருபது அளவிலான தடைகள் எண்ணிட்டு நிறுத்தப்பட்டிருக்கும். தாண்டும் கம்பிகள், சுரங்கம், கூரைபோல் இருபுறமும் சரிந்த உயர்பலகை, ஒடுங்கிய நடைபாலம், சீசோப் பலகை, பன்னிரண்டு கம்பங்கள் கொண்ட வரிசை என்பன அவற்றுட் சில. தடைகளின் ஒழுங்கு போட்டிக்குப் போட்டி வேறுபடும். நாயை நடத்துவோர் முன்னதாகக் களத்தில் நடந்து பாதையை மனத்திற் பதிக்கலாம். நாயோ அப்பாதையை ஓடும்போதே முதன்முறை காண்கின்றது. கம்பியை வீழ்த்தினாலும், சரிவுப் பலகையின் அடியில் நிறம் தீட்டிய பகுதியிற் கால் வையாது குதித்தாலும் குற்றப்புள்ளி ஐந்து. ஓட்டம் முழுவதும் ஒரு நிமிடத்துக்குட் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இப்போட்டியின் விதிகளுள் ஒன்றனை வாசகர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். நாய் ஓடும்போது அதன் கழுத்திற் கயிறு இருத்தல் ஆகாது. நடத்துபவர் அதனைத் தொடுதலும் ஆகாது. கையில் உணவோ விளையாட்டுப் பொருளோ வைத்திருத்தலும் ஆகாது. கயிறு உட்புகாது, கோலும் உட்புகாது, தின்பண்டமும் உட்புகாது. முன்பு கற்றது எதுவோ அது மட்டுமே களத்தினுட் புகும். ஆகவே, அச்சுறுத்துவோன் இல்லாதபோதும் பரிசு கண்ணிற் படாதபோதும் நிலைக்கத்தக்க கல்வி எதுவென்று கண்டறிதலே பயிற்றுநரின் முதற் கடன் ஆகின்றது.

உளநூல் கண்ட வழி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாய்ப் பயிற்சி பெரிதும் பொலிசாரிடமும் படையினரிடமும் இருந்தது. ஜெர்மனியரான கொன்றாட் மோஸ்ற் 1910இல் எழுதிய கைந்நூல் அக்காலத்தில் பெருஞ் செல்வாக்குப் பெற்றது. கயிற்றை வெடுக்கென இழுத்தல், முட்பட்டி அணிதல் முதலிய வற்புறுத்தல்கள் அம்முறையில் முதலிடம் பெற்றன. ஆயினும் செம்மையாகச் செய்தபோது நாய்க்கு இன்பம் கிடைத்தல் வேண்டும் என்பதை அவரும் மறுத்திலர். அம்முறையாற் பழகிய நாய்கள் பணியாற்றவில்லை என யாம் கூறவில்லை. பல நன்கு பணியாற்றின. அதற்குக் கொடுத்த விலை யாது என்பதே வினா.

அதே காலத்தில் ஆய்வுகூடங்களில் வேறொரு நெறி உருவாகி வந்தது. 1898இல் எட்வேட் தோண்டைக் என்னும் அமெரிக்க உளநூலார் பசித்த பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்து, வெளியே மீன் துண்டை வைத்தார். பூனை பலவாறு முட்டி மோதித் தற்செயலாகத் தாழைத் திறந்து வெளியேறியது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது, வெளியேற எடுத்த நேரம் படிப்படியாகக் குறைந்தது. இன்பம் பயக்கும் செயல் நிலைபெறும் என்னும் விளைவு விதியை இதிலிருந்து அவர் வகுத்தார். இரசிய அறிஞர் பவ்லோவ், உணவுக்கு முன்னறிவிப்பாக வரும் ஒலியைக் கேட்ட மாத்திரத்தே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதைக் காட்டி, நிபந்தனைத் தெறிவினை என்னும் கொள்கையை நிறுவினார். 1938இல் ஸ்கின்னர் தம் நூலிற் செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை நுணுக்கமாக ஆராய்ந்தார்.

இங்கே கலைச்சொற்களைத் தெளிவாக்குதல் நன்று. நேர், எதிர் என்னும் சொற்கள் நன்மை தீமைகளைக் குறிப்பன அல்ல. கணிதத்தின் கூட்டற் குறியும் கழித்தற் குறியும் போல்வன. வலுவூட்டல் என்பது ஒரு செயல் மேலும் நிகழுமாறு செய்வது. தண்டனை என்பது அது குறையுமாறு செய்வது. நாய் அமர்ந்தவுடன் இறைச்சித் துண்டு கொடுத்தல் நேர் வலுவூட்டல். கழுத்துப் பட்டியை இறுக்கிப் பிடித்து, அமர்ந்தவுடன் தளர்த்துதல் எதிர் வலுவூட்டல். குரைத்தபோது கயிற்றை வெடுக்கென இழுத்தல் நேர்த் தண்டனை. மேலே பாய்ந்தபோது முகத்தைத் திருப்பி நம் கவனத்தை விலக்கிக்கொள்ளல் எதிர்த் தண்டனை. பரிசுவழிப் பயிற்சியோர் முதலாவதைப் பெரிதும், இறுதியானதைச் சிறிதும் கையாள்வர்.

ஸ்கின்னரின் மாணவர்களாகிய கெலர் பிறீலண்ட், மரியன் பிறீலண்ட் என்னும் தம்பதியர் இவ்வறிவை ஆய்வுகூடத்திலிருந்து வெளியே கொணர்ந்தனர். கோழி, பன்றி, முயல் எனப் பல உயிர்களையும் அவர்கள் பழக்கினர். 1951இல் ஸ்கின்னர் எழுதிய ஒரு கட்டுரை, அழுத்தினாற் 'கிளிக்' என ஒலிக்கும் மலிவான விளையாட்டுப் பொருளைக் கொண்டு வீட்டு நாயையும் பழக்கலாம் என விளக்கியது. ஆயினும் நாய் வளர்ப்போர் அதனை அன்று பெரிதும் பொருட்படுத்தவில்லை.

மாற்றம் கடலிலிருந்து வந்தது. 1963இல் ஹவாய்த் தீவிற் கடலுயிர்க் காட்சிசாலை ஒன்றிலே டொல்பின்களைப் பழக்கும் பொறுப்பை ஏற்ற கரன் பிறையர் அம்மையார், ஊதற்குழலும் மீனும் கொண்டே அவற்றைப் பழக்கினார். வேறு வழி இல்லை. டொல்பினின் கழுத்திற் கயிறு பூட்டவியலாது. அடிக்கக் கையோங்கினால் அது நீந்திச் சென்றுவிடும். தானாக விரும்பி வந்தாலன்றி அதற்கு எதனையும் கற்பித்தல் இயலாது. அவர் 1984இல் வெளியிட்ட நூலும் 1990களில் நடத்திய பயிற்சி வகுப்புகளும் இம்முறையை நாய்ப் பயிற்றுநரிடையே பரப்பின.

நடைமுறை

முதற்படி ஒலிக்குப் பொருளூட்டுதல். கிளிக்கர் என வழங்கும் சிறு பெட்டியை அழுத்தி, உடனே பயறளவு உணவைக் கொடுக்க வேண்டும். பலமுறை இவ்வாறு செய்ய, ஒலி கேட்டவுடன் நாய் உணவை எதிர்நோக்கும். இது பவ்லோவ் கண்ட உண்மையே. இதன் பயன் யாது? ஓடும் நாயின் வாயில் உரிய கணத்தில் உணவை வைத்தல் இயலாது. ஒலியை உரிய கணத்தில் எழுப்புதல் இயலும். 'நீ இப்பொழுது செய்தது சரி' என்னும் செய்தியை அது தூரத்திலிருந்தும் அறிவிக்கும். ஒரு கணம் பிந்தினால் வேறொரு செயலுக்குப் பரிசளித்தவராவோம். ஆகவே முதலிற் பழக வேண்டியது நாயன்று, நம் கையே.

இரண்டாம் படி சிறு சிறு கூறுகளாகப் பிரித்தல். சரிவுப் பலகையின் நிறப்பகுதியை எடுத்துக்கொள்வோம். உயரத்திலிருந்து நாய் குதித்துத் தோள்மூட்டுக்கு ஊறு நேராதிருத்தற்காகவே அவ்விதி உள்ளது. பின்னங்கால்கள் பலகையிலும் முன்னங்கால்கள் தரையிலுமாக நிற்கும் நிலையைப் பலர் கற்பிப்பர். தொடக்கத்தில் நிலத்திற் கிடத்திய பலகையிலேயே அந்நிலைக்குப் பரிசு. பின்னர்ச் சரிவின் கடைசி முழத்தில் நாயைத் தூக்கி விட்டு அதே நிலைக்குப் பரிசு. அதன்பின் சற்று மேலிருந்து. இவ்வாறு முடிவிலிருந்து தொடக்கம் நோக்கிச் செல்லுதலின் நலம் யாதெனின், நாய் எப்பொழுதும் தெரியாததிலிருந்து தெரிந்ததை நோக்கி ஓடுகின்றது. பாதை நீள நீள அதன் துணிவு குறைவதில்லை.

கம்ப வரிசையும் அவ்வாறே. முதலாவது கம்பம் தன் இடத்தோட் புறம் அமைய உட்புகுந்து, ஒன்றும் விடாது நெளிந்தோடுதல் வேண்டும். தொடக்கத்திற் கம்பங்களை இரு வரிசையாக விலக்கி, நடுவே நேரான ஒழுங்கை அமைப்பர். அவ்வொழுங்கையில் நாய் விரைந்தோடக் கற்றபின், வரிசைகளை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நெருக்குவர். இறுதியில் இரண்டும் ஒன்றாகும்போது, நாய் தன்னை அறியாமலே நெளிந்தோடுகின்றது.

மூன்றாம் படி பரிசை ஐதாக்குதல். தொடக்கத்தில் ஒவ்வொரு சரியான செயலுக்கும் பரிசு உண்டு. செயல் உறுதிப்பட்டபின், இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என முன்னறியவியலாதவாறு கொடுப்பர். களத்தில் உணவின்றி ஓடுதற்கு இதுவே ஆயத்தம். பரிசு உணவாகவே இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. கயிற்றை இழுத்து விளையாடுதல் சில நாய்களுக்கு இறைச்சியினும் இனிது. மேய்ப்பு நாய்க்கு ஆடுகளிடம் செல்லவிடுதலே தலையாய பரிசு. மேய்ப்பர்கள் உளநூல் தோன்றுமுன்பே இதனை அறிந்திருந்தனர்.

நான்காம் படி இடமாற்றிப் பழக்குதல். அடுக்களையில் அமரக் கற்ற நாய், சனக்கூட்டத்தின் நடுவே அதே சொல்லை அறியாதது போல நிற்கும். அது பிடிவாதம் அன்று. புதிய இடத்திற் பாடத்தைச் சுருக்கமாக மீண்டும் கற்பித்தல் வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக உடல்நலம் பேணுதல் கடமை. எலும்பு வளர்ச்சி நிறைவுறாத குட்டியை உயரத் தாண்டச் செய்தல் தீது. பதினெட்டு மாதம் நிரம்பாத நாயைப் பிரித்தானியாவில் அஜிலிற்றிப் போட்டிக்கு ஏற்பதில்லை.

ஆய்வுகளும் ஐயங்களும்

2004இல் பிரித்தானியாவில் 364 நாய் உரிமையாளரிடம் வினாவி நிகழ்த்திய ஆய்வில், பரிசு கொண்டு பயிற்றியோர் நாய்களே கீழ்ப்படிவில் மேம்பட்டனவாகக் கூறப்பட்டன. தண்டனையை மிகுதியாகக் கையாண்டோர் நாய்களிடத்துத் தீய பழக்கங்கள் மிகுந்து காணப்பட்டன. 2020இல் போர்த்துக்கலில் 92 நாய்கள் ஆராயப்பட்டன. 42 பரிசுவழிப் பள்ளிகளைச் சேர்ந்தவை, 50 தண்டனையைக் கையாண்ட பள்ளிகளைச் சேர்ந்தவை. பின்னவை பயிற்சியின்போது கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல் முதலிய மனவிறுக்கக் குறிகளை மிகுதியாகக் காட்டின. தண்டனை மிக்க பள்ளிகளின் நாய்களோ, உணவு இருக்குமோ இராதோ என ஐயத்துக்கிடமான கிண்ணத்தை நோக்கி, பரிசுவழி நாய்களிலும் தாமதித்தே சென்றன. நன்மையை எதிர்பார்க்கும் மனநிலையே அவற்றிற் குன்றியிருந்தது என்க.

மறுபுறத்தையும் கூறுதல் நேர்மை. கிளிக்கர் ஒலியாற் கற்ற நாய்களுக்கும், சொல்லாலும் உணவாலும் மட்டும் கற்ற நாய்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை என 2016இல் 51 நாய்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு காட்டிற்று. ஆகவே சிறப்பு அப்பெட்டியில் இல்லை. பரிசிலும் உரிய கணத்தை அறிதலிலும் உள்ளது. பிறீலண்ட் தம்பதியரும் 1961இல், பிறவியியல்பு சிலவேளை பயிற்சியை வென்றுவிடும் எனத் தம் தோல்விகளையே சான்றாகக் காட்டி எழுதினர். நாணயத்தை உண்டியலில் இடப் பழகிய பன்றி, நாளடைவில் அதனை மூக்கால் மண்ணிற் கிளறத் தொடங்கிவிட்டது.

இது கையூட்டு அன்றோ எனச் சிலர் வினவுவர். கையூட்டு செயலுக்கு முன்னர்க் காட்டப்படுவது. பரிசு செயலுக்குப் பின்னர் ஈட்டப்படுவது. இரண்டும் ஒன்றாகா.

நாம் கற்ற பாடம்

எம்மிடம் மணி என்னும் போடர் கொலி இன நாய் ஒன்று உண்டு. மூன்று வயதில் அதனைப் போட்டிக்குக் கொண்டு சென்றோம். கம்ப வரிசையிற் பத்தாவது கம்பத்தில் ஒவ்வொரு முறையும் தவறியது. நாம் பலர் முன்னிலையிற் குரலை உயர்த்திக் கடிந்தோம். அடுத்த போட்டியிற் கம்பங்களைக் கண்டவுடன் வேகம் குறைந்தது. அதற்கடுத்ததில், களத்தின் ஓரத்துக்குச் சென்று புல்லை மோந்துகொண்டு நின்றது. அதனைப் பிடிவாதம் என்றே கொண்டோம்.

அனுபவம் மிக்க பயிற்றுநர் ஒருவர், வயது முதிர்ந்த அம்மையார், எம்மைக் கடிந்திலர். ஒரு வினா மட்டும் தொடுத்தார். "வீட்டில், யாரும் இல்லாதபோது, பத்துக்கு எத்தனை முறை சரியாகச் செய்கின்றது? எண்ணிப் பார்த்தீர்களா?" நாம் எண்ணியதில்லை. மறுநாள் குறிப்பேட்டுடன் சென்று எண்ணினோம். எட்டுக் கம்பங்களாயின் பத்துக்குப் பத்து. பன்னிரண்டாயின் பத்துக்கு நான்கு. நாயிடம் நாம் கோரியதை அதற்குக் கற்பிக்கவே இல்லை என்பது அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒழுங்கையை மீண்டும் விரித்து, மூன்று மாதம் புதிதாகக் கற்பித்தோம். அடுத்த போட்டியில் மணி பன்னிரண்டு கம்பங்களையும் பிழையின்றிக் கடந்தது. பரிசு பெறவில்லை, ஒரு கம்பியை வீழ்த்தியது. ஆயினும் வாலை உயர்த்தி ஓடியது.

அன்றிரவு நினைவுக்கு வந்தது வேறொன்று. இங்கிலாந்துக்கு வருமுன் சிறிது காலம் பிறிதோர் ஊரிற் கணித ஆசிரியராக இருந்தோம். வகுப்பில் ஒரு பையன், கரும்பலகைக்கு அழைத்தால் தன் காலையே பார்த்துக்கொண்டு நிற்பான். இருமுறை பிரம்பால் அடித்தோம். அறிக்கையிற் 'பிடிவாதம்' என எழுதினோம். தனியே அமர்ந்து பத்துக் கணக்கில் எத்தனை செய்வான் என ஒருநாளும் எண்ணிப் பார்த்திலோம். அவன் பொருட்டுக் கேட்டிருக்க வேண்டிய வினாவை முப்பது ஆண்டு கழித்து ஒரு நாயின் பொருட்டுக் கேட்க நேர்ந்தது. மாணவன் நாயல்லன், அவனுக்குச் சொல்லும் சிந்தனையும் உண்டு. ஆனால் அச்சம் இருவரையும் ஒரே விதமாகவே நிலத்தைப் பார்க்கச் செய்கின்றது.

பரிசுவழிப் பயிற்சி என்பது செல்லம் கொடுத்தல் அன்று. அது மாணாக்கனுக்கு எளிதாயினும் ஆசானுக்குக் கடிது. கூறு பிரிக்கும் அறிவும், கணம் தவறாத கவனமும், எண்ணிக் குறிக்கும் பொறுமையும், தவறு நேர்ந்தவிடத்துத் தன் பாடத்தைத் திருத்தும் பணிவும் அதற்கு வேண்டும். கோலை ஓங்குவோனுக்கு இவற்றுள் ஒன்றும் வேண்டுவதில்லை. அதனாலேயே கோல் நம் கைக்கு எளிதில் வருகின்றது. விழாக் காணும் நம் கல்லூரியிற் பயில்வோரும் பயிற்றுவோரும், வீட்டு முற்றத்தில் ஒரு குட்டியை வளர்ப்போரும், அடுத்த முறை கையோங்குமுன் ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பத்துவரை எண்ணிப் பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயன் எமக்குக் கிடைத்ததாகும்.